விண்கலம்: சொல்லும் செயலும்

கலம் என்றால் என்ன? உண்ணும் தட்டும் கலம். பூணும் அணியும் கலம். நெல் அளக்கும் அளவும் கலம். கடல் கடக்கும் கப்பலும் கலம். அலைகளைக் கிழித்துச் சென்ற மரக்கலத்தின் பெயரையே வானைக் கடக்கும் கருவிக்கும் சூட்டினோம்: விண்கலம்! உருசியரும் அதனைக் கப்பல் என்றே அழைத்தனர். அமெரிக்கர் தம் விண்வெளி வீரர்க்கு இட்ட பெயரோ, 'விண்மீன் மாலுமி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. கடலை வென்ற மனிதன் வானையும் கடலாகவே கண்டான்.

ஆனால், சொல்லின் தொன்மையைக் காட்டிச் செயலின் தொன்மையை நாட்ட முனைவோர் உளர். புறநானூற்றின் 27ஆம் பாடலில், பாகன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தியைப் பேசுகிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். 'அன்றே பறந்தோம்!' என ஆர்ப்பரிக்கின்றனர். புலவர் கூறியதென்ன? பாடல் பெற்ற புகழுடையோர் மறுமையில் எய்தும் பேறு அது! கவிஞனின் கனவு, பொறியாளனின் வரைபடம் அன்று. வடமொழியிலோ வைமானிக சாத்திரத்தைக் காட்டினர். பெங்களூர் இந்திய அறிவியல் கழக அறிஞர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்தனர். அந்நூல் 1904க்கு முற்பட்டதன்று. அது கூறும் ஊர்திகள் பறக்கவல்லனவும் அல்ல என முடிவுரைத்தனர்.

பின், விண்கலத்தை ஈன்றது எது? வரமா? மந்திரமா? இல்லை, கணக்கு! செவித்திறன் குன்றிய பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்சுக்கி, 1903இல் ஏவூர்தியின் கணக்கை அச்சேற்றினார். எரிந்த வளி பின்னே பீறிட, ஊர்தி முன்னே பாயும்; வளி வெளியேறும் வேகமும், எரிபொருள் தீரத் தீரக் குறையும் எடையுமே அதன் விரைவை வகுக்கும் என்றார். 54 ஆண்டுகள் உருண்டன. 1957 அக்டோபர் 4இல், 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் விண்ணேறி உலகைச் சுற்றியது. 'வழித்துணை' என்பது அப்பெயரின் பொருள். 1961 ஏப்ரல் 12இல் ககாரின் 108 நிமிடங்களில் உலகை ஒருமுறை வலம்வந்து மீண்டார்.

தோழர்களே, பழம்பெருமை போதையானால் விளையும் கேடு என்ன? 'எல்லாம் முன்னரே இருந்தது' என நம்பும் மாணவன், இனிக் காண என்ன உண்டு என்று கணக்கேட்டை மூடிவிடுவான். திறந்து வைத்தவரே நிலவைத் தொட்டனர். 2023 ஆகஸ்டு 23இல், விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, நிலவின் தென்முனைக்கருகே இறங்கியது. பாகன் எவனும் அதில் இல்லை. பல்லாயிரம் கணக்குகள் அதனைச் செலுத்தின!

கனவு கண்ட புலவனைப் போற்றுவோம். அக்கனவை மெய்யாக்கிய அறிவைப் பயில்வோம்.