எந்த மீனவர் பேச்சைக் கேட்டாங்க?

1986 ஆகஸ்ட்ல, அட்லாண்டிக் கடல்ல உயிர்காப்புப் படகுகள்ல தத்தளிச்ச 155 ஈழத்தமிழர்களைக் காப்பாத்தினது நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள். கனடாவுல இருக்கற நண்பர்களுக்கு நல்லாவே தெரிஞ்ச கதை. ஆனா அதே வருஷம் அந்தத் தீவோட கரையோர மீனவர்கள் வேற ஒரு விஷயத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தாங்க. அதைப் பத்திதான் எழுதப் போறேன்.

அவங்க கத்தினது காட் மீனுக்காக. கரைக்கு வர்ற மீன் குறையுது, வர்றதும் பொடிசா இருக்குன்னு சொன்னாங்க. அரசாங்க விஞ்ஞானிகளோ, மீன் வளம் பெருகுதுன்னாங்க. சரி, கணக்கை நாங்களே பார்க்கறோம்னு கரையோர மீனவர் சங்கம் தனியா உயிரியலாளர்களை வச்சு 1986ல அறிக்கையே தயார் பண்ணுச்சு. அரசுக் கணக்கு மிகைன்னு அது சொன்னது. அரசாங்கம் பெருசா கண்டுக்கலை.

விஞ்ஞானிகள் மீனவர்களை மதிக்கலைன்னு இதை ஒரே வரியில முடிச்சுடறாங்க. எனக்கு அது சரியாப் படலை. ஆராய்ச்சிக் கப்பல் எடுத்த கணக்கோட, பெரிய இழுவலைக் கப்பல்களோட பிடிப்புப் பதிவுகளையும் சேர்த்துத்தான் மதிப்பீடு போட்டாங்க. அதாவது ஒரு தரப்பு மீனவர்களைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க! சிக்கல் என்னன்னா, மீன் குறையக் குறைய மிச்சம் இருக்கறது கூட்டமா ஒரே இடத்துல சேரும். சோனார் வச்சிருக்கற கப்பல் நேரா அங்கேயே போய் வலையைப் போடும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிச்சாங்கங்கற எண் குறையவே குறையாது. சர்வர் விழற வரைக்கும் டாஷ்போர்டு பச்சையாவே இருக்குமே, அந்த மாதிரி :-) கரையோர வலை அப்படி மீனைத் தேடிப் போகாது. ஒரே இடத்துல நிக்கும். மீன் வந்தா உண்டு, இல்லைன்னா காலி.

1989ல விஞ்ஞானிகளே கணக்கைக் கீழே இறக்கினாங்க. 1992 ஜூலை 2, அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவிச்சார். சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு.

1995ல 'சென்டினல்' கணக்கெடுப்பு ஆரம்பிச்சுது. பிழைப்பு போன அதே மீனவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. குறிச்ச இடத்துல வலை போடணும், மீனோட நீளம் அளக்கணும், தண்ணி வெப்பநிலை எழுதணும். வயசு பார்க்கக் காதுக்கல்லையும் எடுக்கணும் (மர வளையம் மாதிரி அதுலயும் வளையம் உண்டு). அந்த எண்கள் மதிப்பீட்டுக்குள்ளேயே போச்சு.

முதல்ல ரெண்டு வருஷம்னு சொன்ன தடை, நடுவுல கொஞ்சம் கொஞ்சமா அனுமதிச்சதைத் தவிர, 32 வருஷம் நீடிச்சது. 2024ல 18,000 டன் அளவுக்குத் திறந்தாங்க. 1968ல பிடிச்சது 8 லட்சம் டன். இழுவலைக் கப்பல்களுக்கும் பங்கு கொடுக்கறாங்கன்னு அந்த முடிவை எதிர்த்தது யாருங்கறீங்க? மீனவர் தொழிற்சங்கமேதான்.