சரளைப் பாதையும் அகன்ற டயரும்: ஓர் அளவின் வரலாறு

பந்தய சைக்கிளின் டயரில் 700C என்று அச்சிட்டிருக்கும். அந்த 700 பெரும்பாலும் பொய். பிரெஞ்சு அளவுமுறையில் அது காற்றடித்த சக்கரத்தின் வெளிவிட்டம். ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டமோ 622 மில்லிமீட்டர்தான். 700ஐ எட்ட 39 மி.மீ. பருமனுள்ள டயர் வேண்டும். A, B, C என்ற வரிசையில் C அகன்ற டயருக்கான எழுத்து. பின்னாளில் அதே ரிம்மில் 23 மி.மீ. டயரை மாட்டிவிட்டு, பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனவே இன்று 'கிராவல்' எனப்படும் சரளைப் பாதை சைக்கிளில் 40 மி.மீ. டயரைப் பார்த்துப் புதுமை என்று வியப்பதற்கில்லை.

அகலத்துக்காக முதலில் வாதாடியவர்களுள் ஒருவர், பிரான்சின் செயின்ட் எத்தியென் நகரத்துப் பால் தெ விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1887இல் சைக்கிள் இதழ் ஒன்றைத் தொடங்கியவர். தார் காணாத மலைச்சாலைகளில் நாள்முழுக்க ஓட்டுபவனுக்கு அகன்ற, மென்மையான டயரே ஏற்றது என்பது அவர் கட்சி. அவர் 1930இல் மறைந்த பின்னும், 584 மி.மீ. ரிம் கொண்ட 650B சக்கரம் பிரெஞ்சு நெடுந்தொலைவு ஓட்டிகளிடம் வாழ்ந்தது.

பந்தயக்காரர்கள் வேறு வழி போனார்கள். சாலைகள் தாரிட்டு வழவழப்பாயின. டயர் எவ்வளவு கல்லாக இறுகியிருக்கிறதோ அவ்வளவு வேகம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. வழுவழுப்பான உருளையில் சோதித்தால் அது உண்மை போலவே தோன்றும். கரடுமுரடான தரையில் சைக்கிளும் ஆளும் சேர்ந்து குலுங்க, அந்தக் குலுக்கலிலேயே ஓட்டுபவரின் உழைப்பு வீணாவதை உருளை காட்டாது.

ஆனால் நம்பிக்கையைவிடப் பெரிய தடை இரும்பில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கின் இரு கைகளுக்கு நடுவே டயர் நுழைய வேண்டும். அன்றைய பந்தய பிரேம்களில் 28 மி.மீ. நுழைவதே பெரும்பாடு. ரிம்மும் ஒடுக்கம். பெயர்பெற்ற பழைய மாவிக் ஓப்பன் புரோ ரிம்மின் உள் அகலம் 15 மி.மீ. அதில் 40 மி.மீ. டயரை மாட்டிக் காற்றைக் குறைத்தால், வளைவில் அது பக்கவாட்டில் தள்ளாடும்.

இதற்கிடையே அகலம் கலிபோர்னியாவில் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. 1970களில் டமால்பைஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் பழைய ஷ்வின் பலூன் டயர் சைக்கிள்களை ஓட்டி விளையாடினார்கள். 1976இல் 'ரீபேக்' பந்தயம் பிறந்தது. அதன் வழிவந்த மலை சைக்கிள் 559 மி.மீ. ரிம்மோடு நெடுங்காலம் தனிக்குடித்தனம் நடத்தியது. 1999இல் டபிள்யூடிபி நிறுவனம் 622 ரிம்முக்கு 2.1 அங்குல டயரை வெளியிட்டபோதுதான் இரு குடும்பங்களும் ஒரே ரிம்மில் சந்தித்தன.

2006இல் கான்சாஸின் எம்போரியாவில் 34 பேர் 200 மைல் சரளைப் பந்தயத்துக்குக் கிளம்பினார்கள். இன்று 'அன்பவுண்ட்' எனப்படுவது அதுவே. அங்குள்ள பிளின்ட் குன்றுகளின் சிக்கிமுக்கிக் கல் டயரின் பக்கச்சுவரைக் கத்திபோல் கிழிக்கும். தொடக்கத்தில் பலர், சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் பந்தய வண்டிகளையே நம்பினார்கள். அவ்விளையாட்டின் உலகப் பந்தயங்களிலோ டயர் வரம்பு 33 மி.மீ. டிஸ்க் பிரேக் வந்து ரிம்மை விடுவித்த பிறகே கதை மாறியது.

650B அப்போது மறுபிறவி எடுத்தது. கணக்கு எளிது: 584உடன் இருபுறமும் 47 சேர்த்தால் 678, 622உடன் இருபுறமும் 28 சேர்த்தாலும் அதே 678. சக்கரத்தின் உயரம் மாறாமல் காற்றின் கொள்ளளவு பெருகுகிறது.

தேர்வு இப்போது ரிம்மிலிருந்து தொடங்குகிறது. 40 மி.மீ. அகலமுள்ள டயருக்கு 21 முதல் 25 மி.மீ. வரை உள் அகலம் பொருந்தும். அகன்ற ரிம்மில் அதே டயர் ஓரிரு மி.மீ. கூடுதலாக விரியும் என்பதால், பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி பிரேம் வாங்கியவர் ஏமாறுவார். டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லா ரிம் என்றால் காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது; சரளையில் அதில் பாதிகூடத் தேவைப்படாது.

இடைவெளியை அளக்கும்போது சேற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 அன்பவுண்டில் தொடக்கத்திலேயே வந்த களிமண் சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பிக்கொள்ள, விலையுயர்ந்த வண்டிகளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். பெயின்ட் கலக்கும் மரக்குச்சியைக் கையோடு கொண்டுவந்தவர்கள் சுரண்டிவிட்டு ஏறிப் போனார்கள்.