துண்டும் படமும்: குருத்தெலும்புச் சிதைவை அறியும் இரு வழிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம் பக்கம் பூப்பறிப்பவர்களும், அறந்தாங்கி வயல்களில் குனிந்து நடவு நடுபவர்களும் முட்டி வலி என்று மருத்துவரிடம் வரும்போது, தேய்மானம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கக்கூடும். குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை; அது சிதையத் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலிக்கு முந்தைய அந்தக் காலத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் ஆராயப்படுகின்றன: நொதிகளையும் அவை வெட்டிய துண்டுகளையும் உடல்நீர்மங்களில் தேடுவது ஒன்று, மூட்டைப் படமெடுப்பது மற்றொன்று.

குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைத்து அழுத்தத்தைத் தாங்குவது அக்ரிகன். கட்டுக்கோப்பைத் தருவது கொலாஜன். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். சிதைவில் முதலில் பறிபோவது அக்ரிகன். ஏடிஏஎம்டிஎஸ்-4, 5 என்ற நொதிகள் அதை வெட்டுகின்றன. பின்னர் எம்எம்பி-13 கொலாஜனையே வெட்டுகிறது. அக்ரிகனைச் செல்கள் ஓரளவு மீண்டும் உருவாக்கும். கொலாஜன் வலை அறுந்தால் மீட்பது மிகக் கடினம். ஆகவே இந்த இரு கட்டங்களுக்கும் இடையில் சேதத்தைப் பிடிப்பதே உண்மையான முன்னறிதல்.

நொதி வழியின் வலிமை, சிதைவு நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் காட்டுவது. கொலாஜன் துண்டான சிடிஎக்ஸ்-2ஐச் சிறுநீரிலேயே அளக்கலாம். கிராமத்தில் எடுத்த மாதிரியை நகர ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் அது எந்த மூட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. அதன் அளவு காலையில் கூடுதலாகவும் பின்னர் குறைவாகவும் இருக்கும். எம்எம்பி-3 என்ற மற்றொரு நொதி முடக்குவாதத்திலும் உயர்கிறது. ஜப்பானில் அந்நோய்க்கே அதை அளக்கிறார்கள்.

படம் இடத்தைச் சொல்கிறது. 1957இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த எக்ஸ்ரே தரவரிசை இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு இடையிலான இடைவெளியும் எலும்பு முளைப்பும்தான் தெரியும். எம்ஆர்ஐயின் டி2 வரைபடம் நீரிலும் கொலாஜன் அடுக்கிலும் நேரும் மாற்றத்தை, தடிமன் குறையும் முன்பே உணர்த்தும். செலவும் கருவியும் நிபுணரும்தான் அதன் தடைகள்.

அமெரிக்காவில் 600 பேரைத் தொடர்ந்த கூட்டாய்வில், சிடிஎக்ஸ்-2 அளவும் எம்ஆர்ஐயில் கண்ட தடிமன் இழப்பும் நோய் முற்றுவதோடு தொடர்புற்றிருந்தன. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயிலேயே மாற்றம் தெரிந்திருந்தது. வலியே வராத ஒருவருக்கு நோயை உறுதிசெய்யும் தனிச் சோதனையாக எந்த நொதிக்குறியும் இன்னும் நிலைபெறவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த மிகப் பொருத்தமான இடம், அடிபட்ட முட்டி. கபடியிலோ ஜல்லிக்கட்டிலோ தசைநார் கிழிந்த இளைஞருக்குச் சேதம் தொடங்கிய நாள் தெரியும். அடிபட்ட சில நாட்களிலேயே மூட்டுநீரில் எம்எம்பி-3உம் அக்ரிகன் துண்டுகளும் உயர்கின்றன. பிற்காலத் தேய்மான அபாயமும் அவர்களுக்கு அதிகம். 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இத்தகையவர்களின் மூட்டுநீரையும் எம்ஆர்ஐயையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால், நம் மண்ணுக்கே உரிய விடை கிடைக்கும்.

வயலில் உழைப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. தொடைத்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. முட்டி வலி தொடங்கும் கட்டத்திலேயே அது அவர்களைச் சென்றடைய வேண்டும்.