சாவி திருப்பினால் மீட்டர் லைட் மினுக்குதா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்க!

அதிகாலை 3 மணி. கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றியாச்சு. பிக்கப் வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவில்லை. மீட்டர் போர்டில் இருக்கும் லைட் எல்லாம் மினுக் மினுக்கென்று அடிக்கிறது. இன்ஜின் பக்கம் 'டக டக டக' என்று ஒரு சத்தம்.

"பேட்டரி போச்சு" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் முடிவு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து புது பேட்டரி மாட்டிய பிறகும் அதே மினுக்கல் வந்தால்?

லைட் ஏன் மினுக்குகிறது?

செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற வைக்க 100 ஆம்பியருக்கு மேல் கரன்ட் இழுக்கும். டீசல் வண்டியில் இது பல மடங்கு கூடும். மீட்டர் லைட்டுக்குத் தேவைப்படுவதோ ஒன்றிரண்டு ஆம்பியர்தான். அதனால்தான் லைட் எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு என்று ஏமாந்துபோகிறோம்.

சாவியைத் திருப்பியதும் செல்ஃபில் உள்ள சோலினாய்டு உள்ளே இழுக்கப்பட்டு, மோட்டாருக்குக் கரன்ட் பாய்கிறது. பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, வழியில் கனெக்‌ஷன் லூஸாக இருந்தாலோ அந்த நொடியே வோல்டேஜ் சரியும். லைட் மங்கும். சோலினாய்டைப் பிடித்து வைக்கவும் பவர் போதாமல் அது விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், லைட் திரும்ப எரியும், சோலினாய்டு மறுபடி இழுக்கும். இதுதான் 'டக டக'. மினுக்கலும் சத்தமும் ஒரே தாளத்தில் வருவதற்கு இதுவே காரணம்.

லைட் மங்காமல் பளிச்சென்று இருந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், சில மாடல்களில் கிளட்ச் சுவிட்ச்.

செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது

பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் பிரச்சினை அங்கேயே இருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் மைனஸைக் கழற்றிவிட்டுப் பிறகு பிளஸைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். சோடா தண்ணீர் பேட்டரி செல்லுக்குள் இறங்கக் கூடாது. வாசலின் தடவுவதானால் இறுக்கிய பிறகு மேலே தடவினால் போதும்.

அடுத்தது மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட வேண்டும். லோடு ஏறும்வரை இன்ஜினை நிறுத்திவிட்டு பாட்டும் ஹெட்லைட்டும் ஓடவிடுவதே இதற்குப் போதும். சார்ஜ் ஏறிய பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மேல் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சோதனைகளுக்கு வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்க வேண்டும்.

யாரும் பார்க்காத எர்த் ஒயர்

பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயர்தான் எர்த். வண்டிக்கு அடியில் சேறு, மழைத்தண்ணீர், மீன் லோடு வண்டியென்றால் உப்புத்தண்ணீரும் சேர்ந்து இதன் போல்ட் துருப்பிடித்துவிடும். புது பேட்டரி போட்டும் தீராத மினுக்கல் பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றால் பேட்டரி மைனஸையும் இன்ஜின் இரும்பையும் நேரடியாக இணைத்துப் பாருங்கள். இன்ஜின் உடனே சுற்றினால் தப்பு எர்த் ஒயர்தான். பேட்டரிக் காசு மிச்சம்.

டைனமோவையும் விடாதீங்க

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் புதிய மாடல்களில் இது கொஞ்சம் மாறும். இன்ஜின் ஓடும்போதும் 12.5-ஐத் தாண்டவில்லையென்றால் டைனமோவோ பெல்ட்டோ சரியில்லை. எத்தனை புது பேட்டரி மாட்டினாலும் அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

டைனமோவைச் சோதிக்க, ஓடும் வண்டியில் டெர்மினலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. இன்றைய வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. திடீரென எகிறும் வோல்டேஜ் இசியூவைக் காலி செய்துவிடும். அதன் விலைக்குப் பல பேட்டரி வாங்கலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தால் இசியூவுக்கே பவர் கிடைக்காது, நாலு பேர் வேர்வை சிந்தத் தள்ளினாலும் வண்டி கிளம்பாது.