எவர்சில்வரும் ஷெஃபீல்டின் ஒரு பழைய பட்டறையும்

வேதியியல் வகுப்பில் துருப்பிடிக்காத எஃகு வந்தால் பிள்ளைகளுக்கு ஒரே வரிதான் சொல்லித் தருவோம். இரும்போடு குரோமியம், 1913, ஹாரி பிரியர்லி. மதிப்பெண்ணுக்கு அது போதும். அந்த வரியில் இடம் பெறாத ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருக்கிறது போர்ட்லாண்ட் வொர்க்ஸ். 1870களின் கடைசியில் ஆர்.எஃப். மோஸ்லி என்ற கத்தித் தயாரிப்பாளருக்காகக் கட்டியது. செங்கல் கட்டடம், நடுவில் முற்றம், சுற்றிலும் பட்டறைகள். கொல்லன் உலையும் நீராவியில் ஓடும் சாணையும் ஒரே வளாகத்துக்குள்.

பிரியர்லி எஃகு உருக்கும் தொழிலாளியின் மகன். 12 வயதில் பள்ளியை விட்டவர். துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகிறதே என்றுதான் குரோமிய எஃகை ஆராயப் போனார். அது துருப்பிடிக்காததைக் கண்டதும் சாப்பாட்டுக் கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைய கத்தி எலுமிச்சையோ வினிகரோ பட்டால் கறுத்துவிடும்; சாப்பிட்டு முடித்ததும் தேய்த்துத் துடைத்து வைக்க வேண்டும். (வீட்டில் இந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!) ஆனால் முதலில் செய்து பார்த்த கத்திக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரையே கேலி செய்தார்கள். பழைய எஃகுக்குப் பழகிய பக்குவத்தில் இதைக் காய்ச்சினால் சரிவரவில்லை.

1914ல் மோஸ்லி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் இதைக் கையில் எடுத்தார். வினிகரில் போட்டுப் பார்த்தார், கறை படியவில்லை. சில முயற்சிகளில் சூட்டின் பக்குவமும் பிடிபட்டது, நல்ல கத்தியும் வந்தது. ‘துருவற்ற எஃகு’ என்றே பிரியர்லி சொல்லி வந்தார்; ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயர் ஸ்டூவர்ட் வைத்தது. நம் வீடுகளில் அது எவர்சில்வர் ஆனது தனிக் கதை.

நான் பாடம் நடத்திய எந்தப் புத்தகத்திலும் ஸ்டூவர்ட் பெயரைப் பார்த்ததில்லை. உலோகத்தைக் கண்டவருக்கு ஒரு வரி உண்டு. அதைக் கத்தியாக்கிய பட்டறைக்குக் கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

2009ல் அந்தக் கட்டடத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றத் திட்டம் வந்தது. அப்போதும் உள்ளே வாடகைக்குப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தவர்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள்? அவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். பங்கு விற்றுப் பணம் திரட்டி, 2013ல் கட்டடத்தையே வாங்கிவிட்டார்கள். பங்குதாரர்கள் சுமார் 500 பேர்.

அருங்காட்சியகம் ஆக்கிப் பூட்டி வைக்கவில்லை. கத்தி செய்கிறவர், வெள்ளி முலாம் பூசுகிறவர், கருவி செய்கிறவர் என்று சிறு தொழில்காரர்கள் வாடகை கொடுத்து அங்கே வேலை செய்கிறார்கள். அந்த வாடகையில்தான் கூரையைப் பழுது பார்க்கிறார்கள்.