டெங்கு ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வருமா?

மாரி தொடங்கினால் கொழும்புத்துறையில் காய்ச்சல் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். இங்குள்ள வீடுகளில் டெங்கு பற்றி விசாரித்தபோது நான் அடிக்கடி கேட்ட பதில் இது: "எங்களுக்கு ஒருக்கா வந்திட்டுது, இனிப் பயமில்லை." இதில் பாதி உண்மை. மற்றப் பாதி உயிருக்கே ஆபத்தானது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். எங்கள் உடலில் பீ, ரீ என இரு வகை வெண்குருதிக் கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். கிருமி ஒன்று நுழைந்தால், அதன் புரதத்தோடு பொருந்தும் கலங்கள் மட்டும் பெருகுகின்றன. பீ கலங்கள் பிறபொருளெதிரிகளைச் சுரக்கும். ரீ கலங்களில் ஒரு வகை, தொற்றுக்குள்ளான கலங்களை அழிக்கும். முதல் தடவை இதற்குப் பல நாட்கள் எடுக்கும். நோய் மாறிய பின்னர் சில கலங்கள் நினைவுக் கலங்களாகத் தங்கிவிடும். அதே கிருமி திரும்பி வந்தால் அவை விரைவாகச் செயற்படும்.

தடுப்பு மருந்து நோயின்றியே இந்த நினைவை உண்டாக்குகிறது. போர்க்காலத்திலும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து, பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகச் சண்டை நிறுத்தப்பட்ட நாட்கள் இருந்தன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். போலியோ வைரசில் மூன்று வகைகள் உண்டு. அன்றைய சொட்டு மருந்து மூன்றையும் உடலுக்கு அறிமுகம் செய்தது.

டெங்கு வைரசிலோ நான்கு வகைகள். ஒரு வகை தொற்றினால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்துவிடும். பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய பிறபொருளெதிரிகள் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யமாட்டா. அப்படி ஒட்டிய வைரசு சில வெண்குருதிக் கலங்களுக்குள் இன்னும் இலகுவாகப் புகுந்து பெருகும். இரண்டாவது டெங்கு கடுமையாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது முக்கிய காரணம்.

2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர். அதற்கு முந்திய ஆண்டுகளில் குறைவாகக் காணப்பட்ட 2ஆம் வகையே அப்போது பரவலாக இருந்தது.

ஆகவே காய்ச்சல் என்று வைத்தியரிடம் போகும்போது, முன்னர் டெங்கு வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள் முக்கியமானவை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடற்கரையில் வாழும் எங்களுக்கு இன்னொரு செய்தி. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுமே பெருகும் என்பது பழைய எண்ணம். யாழ். குடாநாட்டின் கரையோரத்தில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, உவர் நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்கும்போது, கைவிட்ட கிணற்றையும் கரையில் கிடக்கும் பழைய வள்ளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.