நெக்டரின் மரமும் கவாத்துக் கத்தியும்



நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீட்டுக் கொல்லையில் பீச் மரம் வைத்திருப்பவர்கள் உண்டு. நெக்டரின் வைத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. இவர்களிடம் கவாத்து என்று பேச்செடுத்தால், "நல்லா வளர்ற மரத்தை எதுக்குங்க வெட்டணும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பாரிஸ் நகரை அடுத்த மோந்த்ரேய் என்ற ஊர்க் குடியானவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கத்தியாலேயே பதில் சொல்லி வந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நெக்டரின் என்பது பிளம்ஸும் பீச்சும் கலந்த ஒட்டு இல்லை. தோலில் ரோமம் இல்லாத பீச்தான் அது. ஒரே ஒரு ஜீன் மாறியதால் வந்த வித்தியாசம். பீச் மரத்திலேயே நெக்டரின் காய்த்ததை 1741-ல் பீட்டர் காலின்சன் என்ற ஆங்கிலேயர் குறித்து வைத்தார். இப்படிப்பட்ட சம்பவங்களை டார்வின் 1868-ல் வெளியிட்ட தம் நூலில் திரட்டித் தந்தார். ஆகவே பீச்சுக்கு என்ன கவாத்தோ, அதேதான் நெக்டரினுக்கும்.

பீச்சின் தாயகம் சீனா. வெயில் கேட்கிற மரம். பாரிஸ் குளிரில் அதைப் பழுக்க வைப்பது பெரும்பாடு. பதினான்காம் லூயி மன்னரின் தோட்டத் தலைவர் லா கேன்தினி, சட்டம் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். வெர்சேல்ஸில் 1678 முதல் 1683 வரை அரண்மனைத் தோட்டத்தை உண்டாக்கி, சுவரோரமாகப் பழமரங்களைப் படர விட்டார். அவர் எழுதிய நூல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1690-ல் வெளிவந்தது.

மோந்த்ரேய்க்காரர்கள் இந்தச் சுவர் வித்தையைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பி, அங்கேயே கிடைத்த ஜிப்சத்தைச் சுட்டுப் பூசினார்கள். பகலில் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் மரத்துக்குக் கொடுக்கும். கிளைகளைக் கிழிந்த துணித் துண்டால் சுற்றிச் சுவரில் ஆணியடித்து நிறுத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சுவர்களின் மொத்த நீளம் அறுநூறு கிலோமீட்டர் என்று கணக்கு!

ஆனால் சுவர் மட்டும் காய்த்துவிடாது. பீச் மரத்தின் குணத்தை அவர்கள் கண்டுகொண்டதுதான் விசேஷம். ஆப்பிளில் குறுங்கிளை ஒன்று பல வருஷம் காய்க்கும். பீச்சில் அப்படி இல்லை. போன வருஷம் வளர்ந்த தளிரில்தான் இந்த வருஷம் பூ. ஒருமுறை காய்த்த இடம் மறுபடி காய்க்காது. கத்தி வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? வருஷத்துக்கு வருஷம் காய்ப்பு நுனியை நோக்கி ஓடும், உள்ளே மொட்டைக் கிளை. பழம் ஏணிக்கும் எட்டாது. "மரம் கிழடாயிடுச்சு" என்று அடியோடு வெட்டுகிறோமே, அதில் பாதி மரங்கள் கிழடே அல்ல, கவாத்துப் பார்க்காதவை.

மோந்த்ரேய் முறை இது. காய்த்து முடிந்த கிளையை அதன் அடியில் கிளம்பிய இரண்டு இளந்தளிருக்கு மேலாக வெட்டுவார்கள். அந்த இரண்டில் மேலே உள்ளது இந்த வருஷக் காய்ப்புக்கு. கீழே உள்ளதை இரண்டு மொட்டு மட்டும் விட்டுக் குறைப்பார்கள், அது அடுத்த வருஷக் கிளையைத் தரும். வரவும் செலவும் ஒரே கணுவில்.

பிறகு ரயில் வந்தது. தெற்கே சூடான பிரதேசங்களிலிருந்து பீச் மலிவாகப் பாரிஸ் வந்திறங்கியது. அங்கெல்லாம் சுவர் வேண்டாம், ஆணி வேண்டாம், ஆள்கூலி குறைவு. மோந்த்ரேய் நிலமும் வீட்டுமனை ஆனது. மிஞ்சிய சுவர்களில் ஒரு பகுதியை 2003-ல் அரசு பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள்.

நம் மலைகளிலும் சுவர் தேவையில்லை. நடுவைத் திறந்துவிட்டு, கிண்ணம் போல் மூன்று நான்கு கிளைகளை நிறுத்தினால் போதும். இலை உதிர்ந்து, மொட்டு வீங்குமுன் வேலையை முடியுங்கள். வெட்டுமுன் தளிரைக் கையில் பிடித்துப் பாருங்கள். பல கணுக்களில் மூன்று மொட்டு இருக்கும். நடுவில் கூராக இருப்பது இலைமொட்டு, பக்கத்தில் உருண்டையாக இருப்பவை பூமொட்டு. போன வருஷத் தளிரில் பென்சில் கனம் உள்ளதை நிறுத்தி, காய்த்து ஓய்ந்ததைக் கழியுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்புவதைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். அது வேர்ச்செடியின் தளிர், நெக்டரின் அல்ல.